ஞானம் வந்தால் கண்ணீர் வற்றிவிடுமா?

கேள்வி (6 நவம்பர் 2023)

எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. மற்றவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே சமைக்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். என்னால் முடிவதில்லை. பிடித்த ராகம் எங்காவது காதில் விழுந்தால் கைவேலை நின்றுவிடுகிறது. சில இடங்களில் அழுகை வந்துவிடுகிறது. சென்ற வாரம் அலுவலக உணவு இடைவேளையில் இப்படி ஆகி, என்ன துக்கச் செய்தி என்று எல்லோரும் விசாரித்தார்கள். பாட்டு வாத்தியாரிடம் சொன்னேன். "ஞானம் போதாது, ஞானம் வந்தால் இந்த அழுகையெல்லாம் தானாக அடங்கும்" என்றார். இது உண்மையா? அடங்கத்தான் வேண்டுமா?

6 நவம்பர், இரவு

உங்கள் வாத்தியார் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. ராகம் என்றால் என்னவென்றே தெரியாத வயதில் முகாரி ராகம் என்னைக் கலங்கடித்தது. இன்று அதன் ஆரோகண அவரோகணத்தை, அதாவது ஸ்வரங்கள் ஏறும் இறங்கும் வரிசையை, உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், இன்றும் கலங்கடிக்கிறது. இடையில் மாறியது ஒன்றுதான். முன்பு பாட்டு முழுவதுமே என்னை அழவைப்பதாக நினைத்திருந்தேன். இப்போது எந்த இடம் என்று தெரியும்.

அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முகாரி 22ஆம் மேளமான (தாய் ராகமான) கரகரப்பிரியாவிலிருந்து பிறந்த ஜன்ய ராகம். ஏறும்போது காந்தாரம் (க) கிடையாது. 'ஸ ரி ம ப நி த ஸ' என்று நிஷாதத்தை (நி) தொட்டபின் தைவதத்துக்கு (த) திரும்பி, அங்கிருந்து மேல் ஷட்ஜத்துக்கு (ஸ) போகும். அந்தத் தைவதம் சதுச்ருதி தைவதம். இறங்கும்போது 'ஸ நி த ப ம க ரி ஸ'. இங்கே வருவதோ சுத்த தைவதம், ஒரு ஸ்வரஸ்தானம் தாழ்ந்தது. பாடகர் மேலேயே சுற்றிச்சுற்றி நின்று, கேட்பவரின் காதைச் சதுச்ருதி தைவதத்துக்குப் பழக்கிவிட்டு, பிறகு நிஷாதத்திலிருந்து வழுக்கிச் சுத்த தைவதத்தில் இறங்கிப் பஞ்சமத்தில் (ப) நிற்கும்போது என் தொண்டை அடைத்துக்கொள்கிறது. காரணம் தெரிந்துவிட்டதால் அது அடைக்காமல் இருப்பதில்லை. தெரிந்தபின் சில நொடி முன்னதாகவே அடைக்கத் தொடங்கிவிட்டது என்பதே என் அனுபவம்.

7 நவம்பர்

"முகாரி சாவு வீட்டு ராகம்தானே, அழுகை வராமல் என்ன வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புலம்புகிறவனைப் பார்த்து 'முகாரி பாடாதே' என்று சொல்லிச் சொல்லி அந்த ராகத்தின் பெயரையே கெடுத்துவிட்டோம். தியாகராஜர் முகாரியில் அமைத்த கிருதிகளில் பலரும் அறிந்த ஒன்று சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று வியக்கிறது; இன்னொன்று அயோத்தியில் ராமர் நடத்திய நல்லாட்சியைப் போற்றுகிறது. இரண்டிலும் துக்கமில்லை. ஆட்சி நிர்வாகத்தைப் புகழும் பாட்டைக் கேட்டு நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன் என்றால், சாகித்தியத்தின் (பாட்டு வரிகளின்) பொருள் எனக்குக் காரணமில்லை என்றாகிறது.

இறங்கும் ஸ்வரங்கள் அப்படியே பைரவி ராகத்திலும் இருக்கின்றனவே, அங்கே ஏன் அழவில்லை என்றும் அவரே கேட்கிறார். சரியான கேள்வி. பைரவியில் காந்தாரத்தோடு நேராக ஏறுகிறோம். முகாரியில் ரிஷபத்தில் (ரி) ஊன்றி, காந்தாரத்தைத் தாண்டி மத்தியமத்துக்கு (ம) போகிறோம்; ஏறும்போது மறுக்கப்பட்ட காந்தாரம் இறங்கும்போதுதான் கிடைக்கிறது. தைவதம் அசைக்கப்படும் விதமும் வேறு. ஸ்வரப் பட்டியலை வைத்துக்கொண்டு மனிதன் அழுவதில்லை. போகும் வழியைக் கேட்டுத்தான் அழுகிறான்.

11 நவம்பர்

சில நொடி முன்னதாகவே அடைப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். என்னிடம் உள்ள முகாரி ஒரு பழைய கச்சேரிப் பதிவு. அரங்கில் யாரோ ஒலிப்பதிவு செய்து, கேசட்டிலிருந்து கேசட்டாகப் பிரதி எடுக்கப்பட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. அதில் தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையின் நடுவே, நான் சொன்ன அந்த இறக்கத்துக்குச் சற்று முன்பு, முன்வரிசையில் ஒருவர் இருமுகிறார். வறட்டு இருமல், இரண்டு முறை, இரண்டாவதைத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடக்கப் பார்த்து முடியாமல் போகிறது. அதன் பின் பாடகர் மூச்செடுக்கிறார். அதன் பின் இறக்கம். பல ஆண்டுகளாகக் கேட்டதில் அந்த இருமல் வந்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கத் தொடங்கிவிடுகிறது. உலகத்தில் அந்நியர் ஒருவரின் இருமலுக்கு மயிர்க்கூச்செறிகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதற்கு ஓரளவு விளக்கம் இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த இசை தங்களுக்குச் சிலிர்ப்பைத் தருமோ அதை ஆய்வுக்கு வந்தவர்களே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். அதைக் கேட்கும்போது அவர்கள் மூளையில் டோபமைன் எங்கே சுரக்கிறது என்று படமெடுத்துப் பார்த்தார்கள். சிலிர்ப்பு உச்சத்தை அடையும் நேரத்தில் ஒரு பகுதியில் சுரந்தது. உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளில் வேறொரு பகுதியில் சுரந்தது. காத்திருப்பதற்கே தனியாக ஓர் இன்பம் இருக்கிறது என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காத்திருப்பின் மணியோசை எனக்கு இருமலாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

12 நவம்பர்

இருமியவர் யாரென்று தெரியுமா என்று கேட்டவருக்கு: தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு சால்வை போர்த்தியிருப்பேன்.

19 நவம்பர்

இத்தகைய ஈடுபாட்டோடு இன்னொருவருடன் ஒரே வீட்டில் வாழ்வது எப்படி என்பதை யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். என் மனைவிக்கு இசை பிடிக்காது என்று சொல்வது சரியாக இருக்காது. பிடிக்காதவர்கள் எரிச்சலாவது படுவார்கள். அவளுக்கு மிக்ஸி ஓடுவதும் மிருதங்கம் ஒலிப்பதும் இரண்டு வெவ்வேறு சத்தங்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நல்ல ஓவியத்தின் முன்னால் நெடுநேரம் நிற்பாள். மல்லிகைப் பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். காது மட்டும் இதற்கு வெளியே.

மணமான புதிதில் அவளைத் திருத்திவிடலாம் என்று முயன்றேன். "இதைக் கேள், இந்த இடத்தை மட்டும் கேள்" என்று கையைப் பிடித்து உட்கார வைப்பேன். இடம் வரும், போகும்; அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. காய்ச்சலில் கிடப்பவனைப் பார்க்கும் அக்கறைதான் இருக்கும், அது எனக்குக் கேலியைவிடக் கடினமாக இருந்தது. பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் படித்தபிறகே வற்புறுத்துவதை அடியோடு நிறுத்தினேன். செவி நன்றாகக் கேட்கும், பாட்டு சோகமா மகிழ்ச்சியா என்று அடையாளமும் தெரியும், பணம் கிடைத்தால் மற்றவர்களைப் போலவே மகிழ்வார்கள். ஆனால் இசையிலிருந்து மட்டும் எந்த இன்பமும் பெறாதவர்கள் இருக்கிறார்கள் என்று அது காட்டியது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ கோளாறு எனக்கா, உங்களுக்கா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது எங்கள் ஏற்பாடு எளிமையானது. நான் கேட்கும் அறைக்குக் கதவு உண்டு. கதவு சாத்தியிருந்தால் காப்பி வெளியே மேசையில் இருக்கும். ஆறிப்போனால் பொறுப்பு என்னுடையது.

26 நவம்பர்

அந்த இருமலைக் கணினியில் வெட்டி எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். அபசாரம் என்றே முதலில் தோன்றியது. என் அக்காள் மகன் இந்த வேலைகளில் கெட்டிக்காரன். அவன் இருமலை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தம்புராவின் ஒலியால் நிரப்பி, ஒட்டுப் போட்டது தெரியாதபடி கொடுத்தான்.

நான் எதிர்பார்த்தது சிலிர்ப்பு குறையும் என்று. 11ஆம் தேதி எழுதியதன்படி அறிவிப்பு போனால் காத்திருப்பு போக வேண்டும். காத்திருப்பு போனால் பாதி இன்பம் போக வேண்டும். ஆனால் இறக்கம் முன்னைவிட வேகமாக வந்து அடித்தது. மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி வைக்கக்கூட அவகாசம் இல்லை.

இதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். காத்திருப்பை உண்டாக்கியது இருமல் அல்ல, ராகம்தான் என்று இப்போது நினைக்கிறேன். பாடகர் 'ப நி த ஸ' என்று மேலே திரும்பத் திரும்பப் போய்க் காதைக் கட்டிவைக்கிறாரே, அதுவே அறிவிப்பு. இருமல் அந்த அறிவிப்பின் மேல் நான் ஒட்டிக்கொண்ட சீட்டு. ராகத்தைக் கேட்காமல் சீட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஞானத்தைப் பற்றி வாத்தியார் சொன்னதற்கு இதை நேர்ப்பதிலாக வைக்கலாம்: கவனித்துக் கேட்டால் ஈடுபாடு கூடுகிறது; பழக்கத்தில் கேட்டால் அது வெறும் அனிச்சையாகச் சுருங்கிவிடுகிறது.

3 டிசம்பர்

பதிவு செய்யப்பட்ட இசைதான் இந்த நோய்க்கெல்லாம் மூலம் என்று தஞ்சாவூர் நண்பர் எழுதியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். என் தாத்தா திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி ராகத்தைக் கோயில் வீதியுலாக்களில் கேட்டவர். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி முடிந்து, நாலு வீதிகளிலும் நின்று நின்று வாசித்து, விடியும் நேரத்தில் சுவாமி திரும்பும்வரை கூடவே நடந்தவர்கள் அந்தத் தலைமுறையினர். தாத்தாவும் தோடிக்குக் கண்கலங்குவார். ஆனால் அவரால் 'அந்த இடம்' என்று ஒன்றைச் சொல்ல முடியாது. அது அடுத்த நாள் வராது. அடுத்த உற்சவத்தில் வேறு தோடிதான் வரும். அந்தக் காலத்து இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். இரவு முழுவதும் வாசிக்கப்பட்ட ராகத்துக்கு அது முகவரி அட்டை மாதிரி. 1956இல் அவர் மறைந்தபோது தாத்தா அழுதது மனிதருக்காகவா, இனி வராத தோடிகளுக்காகவா என்று பாட்டி சொன்ன கதையிலிருந்து என்னால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

சிறு வயதில் அந்த வாத்தியத்தை நான் அருகிலிருந்து கவனித்ததுண்டு. வித்துவான் வாசிக்கத் தொடங்குமுன் வாத்தியத்தில் நூல் கட்டித் தொங்கும் சீவாளிகளில் ஒன்றைத் தேர்ந்து, உதட்டில் வைத்து ஈரப்படுத்துவார். நாணல் தட்டையால் ஆன அந்தச் சின்னப் பொருள் உலர்ந்திருந்தால் பேசாது, ஊறிவிட்டாலும் பேசாது. கச்சேரி நடுவே தவில்காரர் தனியாக வாசிக்க இடம் விடும்போது அதை மாற்றிக்கொள்வார். மறுபடியும் அதே தோடி வராததற்குச் சீவாளியின் ஈரமும் ஒரு காரணம்.

மீதிப் பாதியை ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், தாத்தாவுக்கும் வேலை கெட்டது. அறுவடைக் காலத்தில் உற்சவம் வந்தால் அவரைக் களத்தில் பார்க்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம்.

10 டிசம்பர்

கர்நாடக இசைக்கு மட்டும்தானா, சினிமாப் பாட்டுக்கு இல்லையா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: உண்டு. பேருந்தில் ஓட்டுநர் போடும் பாட்டிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. ஆனால் அந்தக் கண்ணீர் வேறு. அதில் ஓர் ஆண்டும், ஒரு தெருவும், பெரும்பாலும் ஒரு முகமும் கலந்திருக்கும். முகாரிக்கு எனக்கு ஆண்டு கிடையாது, முகம் கிடையாது. எதற்கென்று சொல்ல முடியாத அழுகை அது.

17 டிசம்பர்

சென்னைக்கு வந்திருக்கிறேன். மியூசிக் அகாடமி தொடங்கிய 1928 முதல் பல சபாக்கள் சேர்ந்து வளர்ந்த இந்த டிசம்பர் சீசனில், மத்தியானக் கச்சேரிகளுக்குப் பல இடங்களில் கட்டணம் கிடையாது. முன்பின் தெரியாத இளைஞர்களைக் கேட்க அதுவே நல்ல வேளை. இன்று ஒரு பெண் முகாரியை விரிவாக எடுத்துக்கொண்டார். பெயரைக் கேட்டவுடனேயே கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டேன். சுத்தமான முகாரி, குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. என் பதிவை மனத்தில் ஓட்டிக்கொண்டு, அது எங்கே, இது எங்கே என்று சரிபார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது.

பிறகு, கச்சேரி முடியும் தறுவாயில், அதிகம் நீட்டாமல் ஒரு சஹானா ராகம் பாடினார். அவர் பாடியதற்கு மறுமொழியாக வயலின்காரர் வாசித்த ஒரே ஒரு பிடி (சிறு ஸ்வரத் தொடர்), நிஷாதத்தைத் தடவிவிட்டுத் திரும்பிவந்த விதம், நான் எந்தக் காவலும் வைத்திராத பக்கமாக உள்ளே புகுந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் தாளத்தை நிறுத்தாமலே இடது கையால் தன் துண்டை என் பக்கம் நகர்த்தினார். என் கைக்குட்டை முகாரிக்காக எடுத்து மடியில் வைத்தபடியே இருந்தது; எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

18 டிசம்பர்

அரங்கில் அழுகை வந்தால் என்ன செய்வது என்பதற்கு என் நடைமுறை: ஓரத்து இருக்கை, முன்வரிசை வேண்டவே வேண்டாம், ஏனெனில் பாடுகிறவர் பார்த்துவிட்டால் அந்த இடத்தையே மறுபடியும் பாடிக் கொல்வார். அழுகையை அடக்கினால் மூக்குறிஞ்சும் ஓசை வரும், அது பக்கத்தவருக்குத் தொந்தரவு. வழியவிட்டால் ஓசையே இல்லை. இடைவேளையில் கேண்டீனுக்குப் போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அங்கே ரவா தோசைக்குக் காத்திருப்பவர்களின் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

6 ஜனவரி 2024

காது பரிசோதனைக்குப் போய்வந்தேன். சில மாதங்களாக வலது காதில் மெல்லிய இரைச்சல்; இரவில் மட்டும் தெரியும். அறைக்குள் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு சற்றுக் கீழே இறங்கியிருந்தது. பேரொலியால் வரும் தேய்மானம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தலைகாட்டும் என்றார் மருத்துவர்.

பாடகரின் ஸ்வரங்கள் அதற்கு மிகவும் கீழே இருக்கின்றன, ஆகவே தைவதம் எங்கும் போய்விடாது. போகக்கூடியது தம்புராவின் ஜீவாளியிலும் (தந்திக்கு அடியில் வைக்கும் நூலால் எழும் ரீங்காரம்) வயலின் வில்லின் உராய்விலும் உள்ள மேல் ஸ்தாயி அனுநாதங்கள். ராகம் நிற்கும், அதன் மினுமினுப்பு மங்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி கூடக்கூட நேரம் விரைவாகச் சுருங்கிவிடும். இறக்கம் வரும் நேரத்தில் கை தானாகப் போய் ஒலியைக் கூட்டும் பழக்கம் என்னைப் போன்றவர்களுக்கு உண்டு. இனி ஒலிபெருக்கியில்தான் கேட்பது, கேட்கத் தொடங்குமுன் வைத்த அளவை நடுவில் மாற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

பிடித்ததைக் கைபேசி அழைப்பொலியாகவோ காலை அலாரமாகவோ வைக்கவே வைக்காதீர்கள் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டும்போதும் வேண்டாம். பேச்சு நிகழ்ச்சி எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

20 ஜனவரி

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். வாத்தியார் அவருக்கு முகாரியில் ஒரு கிருதி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறாராம். பல்லவியின் மூன்றாவது சங்கதியில் (ஒரே வரியை மாற்றிப் பாடும் விதம்) குரல் உடைந்துவிடுகிறதாம். வாத்தியார் கோபித்துக்கொள்ளாமல், "உடைந்தபின் சுருதி எங்கே போனது, பார்" என்று மட்டும் சொல்கிறாராம்.

இதைப் படித்தபின் அந்த வாத்தியாரைப் பற்றி என் எண்ணம் மாறியிருக்கிறது. அவர் சொன்னது கேட்பவனுக்கு அல்ல, பாடுகிறவருக்கு. நான் அறைக்குள் உட்கார்ந்து கேட்பவன். என் தொண்டை அடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பாடுகிறவரின் தொண்டை அடைத்தால் நிஷாதத்திலிருந்து சுத்த தைவதத்துக்கு வழுக்க முடியாது. வழுக்காவிட்டால் எனக்கு எதுவும் நேராது. என்னை அழவைத்த பாடகரின் குரல் அந்த இடத்தில் ஓர் இழைகூட நடுங்கவில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அவருக்கு அங்கே உணர்ச்சி இல்லை என்று சொல்ல மாட்டேன். அதை எங்கேயோ தள்ளி வைத்திருந்திருக்கிறார். எங்கே வைப்பது என்பதைத்தான் உங்கள் வாத்தியார் ஞானம் என்கிறார் போலிருக்கிறது. அடக்கத்தான் வேண்டுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, பாடும்போது ஆம், கேட்கும்போது வேண்டாம் என்பது இன்றைய என் பதில்.

4 பிப்ரவரி

இருமல் பதிவைக் கேட்க விரும்புவதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். தனிப்பட்ட முறையில் எடுக்கப்பட்ட பதிவு என்பதால் பொதுவில் போட எனக்கு மனமில்லை. பாடியவர் குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கேசட்டின் மேல் தேதி, இடம் எதுவும் எழுதப்படவில்லை. வயலின், மிருதங்கம், கடம். முகாரிக்கு முன்பு அடாணா ராகத்தில் ஒரு சிறு உருப்படி, பின்பு தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது) ஆதி தாளத்தில். தனியின் நடுவே மின்சாரம் போய், ஒலிபெருக்கி இல்லாமலே கடம் தொடர்கிறது. அந்தக் கச்சேரிக்குப் போயிருந்தவர்களோ, இதன் மூலப் பிரதியை வைத்திருப்பவர்களோ இங்கே இருந்தால் தெரிவியுங்கள். என் பிரதியில் மங்களத்துக்கு முன்பே நாடா முடிந்துவிடுகிறது.